ஜஸ்ட் ஒரு ஆட்டுத்தலை

சத்தியமாச் சொல்றேன், சத்தம் போட்டே சொல்றேன், தெருவுல போறவன் நின்னு திரும்பிப் பாத்தாலும் பாக்கட்டும்: இதுல ஒரு சொல்லு பொய் கிடையாது. பொய்யின்னா என் வாயில இருக்கிற பல்லு அம்புட்டும் இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள உதிந்து விழட்டும். மிச்சம் இருக்கிறதே கொஞ்சந்தானேன்னு எட்டிப் பாக்கக் கூடாது. இருக்கிறதை வச்சுத்தான் மனுசன் சத்தியம் பண்ண முடியும். அடுத்தவன் மண்டைக்குள்ள ஓடுனது உனக்கு எப்படித் தெரியும்னும் கேக்காதீக. வாலகுரு மண்டை அப்படி. கிணறு கிணறாப் பாறைக்கு வேட்டு வச்சு வச்சு அதுல விரிசல் விழுந்துபோச்சு. பக்கத்துல போயி நின்னாப் போதும், உள்ள ஓடுறது வெளிய கசியும். நான் நின்னேன். கேட்டேன். சொல்றேன்.

"ஜஸ்ட் ரிலாக்ஸ் அண்ணாச்சி" என்றாள் டாக்டர். ஜஸ்ட். இந்தச் சனியன் இங்கேயும் வந்துவிட்டதா என்று நினைத்தான் வாலகுரு. உசிலம்பட்டியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி, படியேறி வந்தால் கண்ணாடிக் கதவு, உள்ளே நாற்காலி என்ற பெயரில் ஒரு கட்டில், அது மனுசனைத் தலை தாழவும் கால் உயரவும் சாய்த்துப் போட்டு நெற்றிக்கு நேரே ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு, கிடா வெட்டுவதற்கு முன்னால் மஞ்சத்தண்ணி தெளித்துத் தலையை ஆட்டுதா ஆட்டுதா என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்க்கிறது. ஆட்டக் கூடாது. ஆட்டினால் சம்மதம் என்று அர்த்தம், வெட்டிவிடுவார்கள். வாலகுரு கழுத்தை விறைத்துக்கொண்டான். இடது தாடை பரங்கிக்காயாக வீங்கிக் கிடந்தது. உள்ளே உடைந்த கடைவாய்ப்பல் பாதி நின்றுகொண்டு துடித்தது, ஒவ்வொரு துடிப்புக்கும் தவசி, தவசி, தவசி என்று பெயர் சொன்னது. தவசி அவன் தங்கச்சி பேச்சியின் புருசன். நேற்று மத்தியானம், பேச்சி மகனுடைய காதுகுத்து விருந்தில், அண்டாவில் கறி கிண்டுகிற இரும்புக் கரண்டியை இரண்டு கையாலும் தூக்கி அடித்தவன். கரண்டியா அது, பரிசல் துடுப்பு. வெட்டணும். காலில் வெட்டினால் உயிரோடு கிடந்து நொண்டுவான், பார்க்கப் பார்க்க ஆறும். கழுத்தில் வெட்டினால் ஒரே போடு, ஆனால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது. கையில் வெட்டலாம், கரண்டி தூக்கிய கை. எந்தக் கை, இரண்டு கையாலும்தானே தூக்கினான், அப்போ இரண்டும். "வாயை நல்லாத் திறங்க, ஜஸ்ட் பாக்கத்தான் போறேன்." பார்க்கத்தான் போறேன் என்று சொன்னவள் கையில் கொக்கி மாதிரி ஒன்று மின்னியது. அந்தக் கொக்கி பல்லின் உடைந்த முனையைத் தொட்டதும் வாலகுருவின் இரண்டு காலும் தானாக எழும்பி நின்றன. பார்த்தாயா, பார்க்கிறதுதான் என்றாளே. குத்துகிறவள் குத்துகிறேன் என்று சொல்லிக் குத்தினால் என்ன, வேட்டுப் போடுகிறவன்கூட வேட்டு வேட்டு என்று மூன்று தரம் கத்திவிட்டுத்தானே திரியைப் பற்ற வைக்கிறான்.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் தவசி திரும்பி வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கோடாலித் தைலமும், ஒரு கறுப்புக் கண்ணாடியும், இந்த ஒரு இங்கிலீஷ் சொல்லும் கொண்டுவந்தான். தைலம் சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைத்ததில் தீர்ந்தது. கண்ணாடியை மாடு மிதித்தது. சொல் மட்டும் தீரவில்லை. எப்ப மாப்ள வந்தீக என்றால் ஜஸ்ட் இப்பத்தான் மச்சான் என்பான், வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். உங்க பக்கம் மழை எப்படி என்றால் ஜஸ்ட் ஒரு தூத்தல் என்பான், கண்மாய் உடைந்து ஊர் மிதந்திருக்கும். ஒரு வண்டியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போலீஸிடம் மாட்டினால் ஜஸ்ட் இந்தா இருக்க கடைக்குத்தான் சார். என்னத்துக்குய்யா சிரிக்கிற என்றால் சும்மா, ஜஸ்ட். காலத்தையும் அந்தச் சொல் சின்னதாக்குகிறது, தூரத்தையும் சின்னதாக்குகிறது, குற்றத்தையும் சின்னதாக்குகிறது, பெரியதாக்கி ஒரு நாளும் வாலகுரு கேட்டதில்லை. கொஞ்சம் இரு. பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறான். பத்தாவதில் அவன் ஜஸ்ட் பாஸ். அந்த ஜஸ்ட்டுக்காக அப்பா தெருவுக்கே கடலை மிட்டாய் கொடுத்தார், அது பெரிய ஜஸ்ட். அப்புறம் ஒன்று, ஜஸ்ட் மிஸ். ஓடைக்கரைக் கிணற்றில் கணக்குத் தப்பிய வேட்டு ஒன்று ஆளுயரப் பாறையைக் கிளப்பி, வாலகுருவின் வலது காதை உரசிக்கொண்டு போனது. மோட்டார் மாட்ட வந்த இஞ்சினியர் ஓடிவந்து கட்டிப்பிடித்து "ஜஸ்ட் மிஸ்ஸுய்யா, ஜஸ்ட் மிஸ்ஸு" என்று அழுதார். அந்தப் பாறை அங்கிருந்து போய் அடுத்த ஊர்க் கல்யாண வீட்டுச் சாம்பார்க் குண்டானில் விழுந்தது. நான் அந்தப் பந்தியில் இருந்தேன், சட்டையில் கறை இன்னும் போகவில்லை, வேண்டுமானால் காட்டுகிறேன். கல் மிஸ் ஆனது சரி. சத்தம் மிஸ் ஆகவில்லை. சத்தம் வலது காதுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே குடியிருந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காதில் வெளிச்சத்தம் எதுவும் கேட்பதில்லை, ஙொய்ங் என்று ஒரே ரீங்காரம். நேற்று மத்தியானத்திலிருந்து அந்த ரீங்காரத்துக்குள் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஒரு அலறல். நீளமாக, கிழிந்த துணி மாதிரி. யார் அலறியது? நானாகத்தான் இருக்கும். பல்லு உடைந்தால் அலறாமல் என்ன செய்வான் மனுசன். நான்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு முகங்கள் ஒட்டியிருந்தன. சித்தப்பா மக்கள், ஒச்சுவும் பெயக்காமனும். மூக்கு கண்ணாடியில் அமுங்கி, பன்றிகள் எட்டிப் பார்க்கிற மாதிரி. ஒச்சு கையில் சாக்குப்பை, சாக்குக்குள் வாழையிலை, வாழையிலைக்குள் இரண்டு அருவாள். பெயக்காமன் கையில் பித்தளைச் சொம்பு. நேற்று மத்தியானத்திலிருந்து மூன்று பேரும் பச்சைத்தண்ணி குடிக்கவில்லை. அது அவர்கள் வகையறா வழக்கம். விருந்து வீட்டில் சம்பந்தகாரன் கையால் ஒருத்தனுக்கு ரத்தம் வந்துவிட்டால், அவனும் அவன் பங்காளிகளும் வாய் நனைக்கக் கூடாது. அடிபட்டவன் தெம்பானதும் சொம்புத் தண்ணியை அவன் வாயில் ஊற்றுவார்கள். கொப்புளித்துத் துப்பினால் பகையைத் துப்பிவிட்டான், எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். முழுங்கினால் ரத்தத்தை முழுங்கிவிட்டான், அதற்கப்புறம் பேச்சு கிடையாது, பங்காளிகள் அங்கிருந்தே கிளம்பவேண்டியதுதான். சொல்லில் ஒன்றும் இல்லை, எல்லாம் தொண்டையில். "பல்லைப் புடுங்கிட்டு வாண்ணே, தெளிவா முழுங்கலாம்" என்று படியில் ஏறும்போதே ஒச்சு சொன்னான். "நீ முழுங்குனதும் நாங்க வண்டிய எடுத்துருவோம். நீ வரவேண்டாம். காயம்பட்ட ஒடம்பு." அவனுக்குத் தாகம். பெயக்காமனுக்கு அதைவிடத் தாகம், சொம்பை அவன் பார்க்கிற பார்வையே சரியில்லை.

"முதல்ல தண்ணிய வாயில வச்சுக் கொப்புளிச்சுத் துப்புங்க" என்று டாக்டர் ஒரு காகிதக் குவளையை நீட்டினாள். வாலகுரு வாயை இறுக்கி மூடினான். கண்ணாடியில் இரண்டு மூக்குகளும் இன்னும் அமுங்கின. துப்பவா? இங்கேயா? குவளைத் தண்ணியிலா பகை தீரும்? "என்ன அண்ணாச்சி, ஜஸ்ட் வெந்நிதான், என்னத்துக்கு இப்பிடிப் பயப்படுதீங்க?" நாகர்கோயில் பக்கத்துப் பிள்ளை, பேச்சு பாட்டு மாதிரி இருந்தது, கை மட்டும் ஆசாரி கை. "வேணாம்மா" என்றான் பல்லிடுக்கில். "எங்கள்ல தண்ணி ஆகாது." "தண்ணி ஆகாதா? எந்த ஊர்ல அண்ணாச்சி தண்ணி ஆகாது?" கதவு திறந்து ஒச்சு தலை உள்ளே வந்தது. "டாக்டரம்மா, அவருக்குத் தண்ணி குடுக்காதீக. கொலைக் குத்தமாயிரும்." டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தாள். சாக்குப்பையைப் பார்த்தாள். குவளையை வைத்துவிட்டு, வளைந்த குழாய் ஒன்றை எடுத்து அவன் வாயோரம் மாட்டினாள். அது சர்ரென்று எச்சிலை உறிஞ்ச ஆரம்பித்தது. ஒச்சு திகைத்துப் பெயக்காமனைப் பார்த்தான். "ஏலே, மெஷினு துப்புனாக் கணக்கு உண்டாடா?" "அது துப்பலையேண்ணே. அது குடிக்குது." "அப்ப மெஷினுதான் பகையெடுக்கணும்." "ஆம்பளைங்க ரெண்டுவேரும் வெளிய நில்லுங்க" என்றாள் டாக்டர். கதவு மூடியது. மூக்குகள் பழைய இடத்துக்கு வந்தன.

ஜஸ்ட் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்றாள். ஊசி ஈறுக்குள் இறங்கியபோது எந்த ஊர் எறும்பு என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. ஒருமுறை, இன்னொரு முறை, பின்னால் ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜஸ்ட். வாலகுருவுக்கு ஒன்று விளங்கியது, இருட்டுக் கிணற்றில் சூரியன் உச்சிக்கு வந்ததும் திடீரென்று அடித்தண்ணி தெரியுமே, அப்படி. இந்தச் சொல்லைக் குத்துகிறவன்தான் சொல்கிறான். குத்து வாங்குகிறவன் சொல்வதில்லை. கரண்டி பிடித்தவன் சொல்லுவான், ஊசி பிடித்தவள் சொல்லுவாள், மார்க் போடுகிற வாத்தியார் சொல்லுவார், கரையில் நின்ற இஞ்சினியர் சொன்னார். கிணற்றுக்குள் இருந்தவன் ஜஸ்ட் மிஸ் என்று சொன்னானா? அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆகவே நான் தவசியைக் குத்தும்போது சொல்லவேண்டும். ஜஸ்ட் ஒரு வெட்டு மாப்ள. ஜஸ்ட் ஒரு தலை. தலையை எடுத்து வாழையிலையில் வைத்து, கண்ணு திறந்தபடி, நாக்கு ஓரமாகத் தொங்கினபடி, மேலே கொஞ்சம் கொத்தமல்லி தூவி, தவசி விருந்துக்குக் கூப்பிட்டிருந்த அந்தச் சிங்கப்பூர் சூப்பர்வைசருக்குப் பரிமாற வேண்டும். சாப்பிடுங்க சார். உங்க ஆள்தான். அரைமுகம் மரத்துக்கொண்டு வந்தது. கன்னம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான், யாரோ ஒருவருடைய கன்னம் கையில் பட்டது, செத்தவன் கன்னம் மாதிரி மெத்தென்று. இப்படித்தான் இருக்குமோ. வெட்டு விழுந்தவுடன் முதலில் இப்படி மரத்துத்தான் போகுமோ. தவசிக்கு வலிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது.

தலை. ஆட்டுத்தலை. சின்ன விசயமா அது? காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறவன் தாய்மாமன். பிள்ளை வீறிட்டு மூத்திரம் பெய்தால் நனைகிறது அவன் வேட்டி. வெட்டின கிடாயில் தலை அவனுக்கு, அது தின்பதற்காக இல்லை, தலையில் என்ன கறி இருக்கிறது, மூளை ஒரு கரண்டி, கன்னத்தில் ஒரு துண்டு, மிச்சமெல்லாம் எலும்பு. அது இலையில் வந்து உட்கார்ந்தால் ஊர் பார்க்கும், இவன்தான் பேச்சி பிறந்த வீடு, இவன் இருக்கிற வரைக்கும் அவளை ஒருத்தன் கைநீட்டி அடிக்க முடியாது என்று அர்த்தம். அதற்குத்தான் தலை. நேற்றுப் பந்தியில் முதல் இலை வாலகுருவுக்கு. உப்பு வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது, தலை வரவில்லை. வரும் வரும் என்று கையைச் சோற்றில் வைக்காமல் உட்கார்ந்திருந்தான். எதிர்வரிசையில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு தடித்த ஆள், தவசிக்கு அங்கே சூப்பர்வைசராக இருந்தவராம், அவர் இலையில் தலை. அவருக்கு அதைப் பார்த்து நடுக்கம். ஆடு அவரைப் பார்த்தது, அவர் ஆட்டைப் பார்த்தார், செல்போனை எடுத்து அதை ஒரு போட்டோ பிடித்துவிட்டு இலையை மெல்லத் தள்ளி வைத்தார். தின்னக்கூட இல்லை. என் மரியாதையைத் தள்ளிவைத்தார். "மாப்ள, இங்க வாங்க" என்று கூப்பிட்டான் வாலகுரு. தவசி வியர்த்து வழிந்துகொண்டு ஓடிவந்தான். "என் தலை எங்க?" "ஐயையோ மச்சான், பெரிய ஆளு அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காருன்னு பய தூக்கி வச்சுட்டான் போல. விடுங்க மச்சான். ஜஸ்ட் ஒரு ஆட்டுத்தலை." சிரித்துக்கொண்டே சொன்னான். நூறு பேர் பார்க்கச் சொன்னான். அப்புறம் கரண்டி. கரண்டி, பல்லு, ரத்தம், வேட்டியெல்லாம் சிவப்பு, ஒச்சுவும் பெயக்காமனும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வண்டியில் போட்டது. அவ்வளவுதான். இல்லை, நடுவில் ஒன்று இருக்கிறது. ஜஸ்ட்டுக்கும் கரண்டிக்கும் நடுவில் ஒன்று. நான் எழுந்தேன். எழுந்து? எழுந்ததும் கரண்டி. சும்மா எழுந்தவனையா அடிப்பான்? அடிப்பான், அவன் புத்தி அப்படி. அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது. அண்டா. அதை விடு.

"இப்ப ஜஸ்ட் அழுத்துற மாதிரி இருக்கும், வலி இருக்காது." குறடு உள்ளே போனது. பல்லை அது கவ்வியபோது வலிக்கவில்லைதான், ஆனால் சத்தம் கேட்டது, எலும்பு வழியாக, செத்த காதுக்கும் சேர்த்து. பாறையில் கடப்பாரை நெம்புகிற சத்தம். டாக்டர் முழங்கையை உயர்த்தி, ஒரு காலை நாற்காலியின் அடிக்கட்டையில் ஊன்றி, முன்னும் பின்னும் ஆட்டினாள். வாலகுருவின் மண்டை மொத்தமும் அவள் கையில் ஒரு முளைக்கம்பு. கறுக், கறுக். அப்பா முழுங்கினார். அப்பா ஒரு தடவை முழுங்கினார். அவன் அப்போது டவுசர் போட்டிருந்தான். பக்கத்து வீட்டுச் சம்பந்தகாரனின் முருங்கைக் கிளை ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆரம்பித்து, ஒரு வளைகாப்புப் பந்தியில் அப்பாவின் நெற்றி உடைந்து, சொம்பு வந்து, அப்பா தலையை அண்ணாந்து முழுங்கினார், தொண்டைமுடிச்சு ஏறி இறங்கியதை வாலகுரு பார்த்தான், எலி ஒன்று சட்டைக்குள் ஓடுகிற மாதிரி. மறுநாள் வாய்க்கால் பக்கம் ஆடு பத்தப் போனவன் ஒரு கையைப் பார்த்தான். கை மட்டும். தண்ணிக்குள் பாதி, வெளியே பாதி. மணிக்கட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான், முள் போய்க்கொண்டே இருந்தது, யாருக்காகப் போகிறது என்று தெரியாமல். கைக்காரனின் பொண்டாட்டி அன்றைக்கு அவர்கள் வாசலில் வந்து நின்று அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. ஒரே ஒரு அலறல். கிழிந்த துணி மாதிரி. அதுதானா, நேற்றிலிருந்து காதில் கேட்பது அதுதானா? கறுக். இல்லை. அது பழசு, இது புதுசு, இதில் கறிவாசனை இருக்கிறது. கறுக். அலறல் முதலில், கரண்டி அப்புறம். என்ன? அலறல் முதலில். பல்லு உடைவதற்கு முன்னாலேயே காதில் அலறல் விழுந்தது. அப்போது இந்த வாயில் ரத்தம் இல்லை, இந்த வாய் "நாயே" என்று கத்திக்கொண்டிருந்தது, கத்துகிற வாயால் அலற முடியுமா? அப்போ யார்? கறுக் கறுக் என்று ஆட்டாதே தாயி, கொஞ்சம் நிறுத்து, ஒன்று நினைவுக்கு வருகிறது, வரவேண்டாம், ஆட்டு, நல்லா ஆட்டு. நான் எழுந்தேன். இலையை மிதித்துத் தாண்டினேன். அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. காலைத் தூக்கி உதைத்தேன். அண்டா சாய்ந்தது, குழம்பு அலையாக எழும்பி மறுபக்கம் போனது. மறுபக்கம் ஒருத்தி குனிந்து அப்பளக்கூடையை எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை. பச்சைச் சேலை நான் எடுத்துக்கொடுத்த சேலை.

பல் வந்துவிட்டது. டாக்டர் அதைக் குறடோடு விளக்கில் பிடித்துக் காட்டினாள், மூன்று வேர், வேர் நுனியில் ஒரு துணுக்குச் சதை. "பாருங்க, ஜஸ்ட் இவ்வளவுதான்." வாலகுரு அதைப் பார்க்கவில்லை. அவள் விழுந்தாளா? நின்றாளா? புகையும் ஆவியுமாக இருந்தது. தவசி கரண்டியோடு வந்தது அந்த ஆவிக்குள்ளிருந்துதான். அவன் முகம் கோபமாகவா இருந்தது? கோபமாக இல்லை. அழுதுகொண்டே அடித்தான். அழுதுகொண்டே அடித்தவனை நான் நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டே அடித்தவனாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். காலிலா, கையிலா, கழுத்திலா என்று. வாய் நிறைய ரத்தம். முழுங்கினான். ரத்தம் சொந்தச் சரக்கு, அதற்குக் கணக்கில்லை. உப்பாக, சூடாக, நேற்றைய குழம்பு மாதிரி இறங்கியது. குழம்பு பேச்சி மேல் போனது ஒச்சுவுக்குத் தெரியும். பெயக்காமனுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒத்தைச் சொல் சொல்லவில்லை. டாக்டர் ஒரு பஞ்சுருண்டையைக் குழியில் வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னாள். கதவைத் திறந்து வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் இவரு துப்பவே கூடாது, கேட்டேளா? எச்சி ஊறுனா, ரத்தம் ஊறுனா, எதுன்னாலும் முழுங்கணும். துப்புனா உறைஞ்ச ரத்தம் பிய்ஞ்சு வந்துரும், அப்புறம் நிக்காது." ஒச்சுவின் முகம் கோயில் வாசல் மாதிரித் திறந்தது. "கேட்டியாடா? டாக்டரே சொல்லிட்டாங்க. முழுங்கணுமாம்!" "படிச்சவுக சொன்னாச் சரியாத்தாண்ணே இருக்கும்" என்று பெயக்காமன் சொம்பை இரண்டு கையாலும் ஏந்தினான். ஒச்சு சாக்குப்பையின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்தான், அவனுக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கிறதே.

படியில் சத்தம் கேட்டது. தப், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் தப். ஒற்றைக்காலில் ஏறுகிற சத்தம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சி வந்தாள். இடது காலில் முழங்கால் வரைக்கும் வாழையிலை சுற்றி, சணலால் கட்டி, இலை ஓரத்தில் எண்ணெயும் சுண்ணாம்பும் வழிந்து, விரல்கள் மட்டும் வெளியே, அவித்த கிழங்காக. ஒச்சு சாக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "நீ எதுக்குத்தா வந்த?" "எங்கண்ணனுக்குப் பல்லு புடுங்குறாகன்னாங்க. பாக்க வந்தேன். ஏன், பாக்கப்படாதா?" "நாயம் பேசவா வந்த?" "நாயம் பேசுறவ ஆட்டோ புடிச்சா வருவா? ஓங்க மச்சானை ஓடிப்போயிருன்னு சொன்னேன். மாட்டேங்குது. வாசல்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் குளிச்சு முழுகித் திருநீறு பூசி உக்காந்திருக்கு. வர்றதுன்னாச் சீக்கிரம் வாங்க, வெயில் ஏறுது." நாற்காலியை விட்டு இறங்கி வாசலுக்கு வந்திருந்த அண்ணன் பக்கம் திரும்பினாள். வீக்கத்தைப் பார்த்தாள். கை நீட்டித் தொடப்போய் நிறுத்திக்கொண்டாள். வாலகுரு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்குள் பஞ்சு, அரைமுகம் செத்த முகம். விரலை நீட்டிக் காலைக் காட்டினான். "இதா?" என்று அவளும் குனிந்து பார்த்தாள், இப்போதுதான் கவனித்தவள் மாதிரி. "ஜஸ்ட் கால்தாண்ணே."

வாலகுருவுக்குள் ஏதோ ஒன்று வழுக்கியது. அப்போ குத்து வாங்கினவளும் சொல்லுவாளா? தவசியிடமிருந்து பழகியிருப்பாள், அத்தனை வருசம் போனில் கேட்ட சொல்தானே, ஜஸ்ட் ஆறு மாசம் பேச்சி, ஜஸ்ட் இன்னொரு வருசம் பேச்சி. கேட்டுக் கேட்டு அதை அவள் என்னமாக மாற்றி வைத்திருக்கிறாள். சின்னதாக்கிக் காட்டுகிறாள், தன்னுடையதை, எனக்காக. பெயக்காமன் சொம்பை நீட்டினான். வாலகுரு பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சொம்பை வாங்கி அண்ணாந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். குளிர்ந்த தண்ணி. நேற்று மத்தியானத்திலிருந்து காய்ந்த நாக்கு மீன் மாதிரித் துள்ளியது. தொண்டை தானாகத் திறந்தது. முழுங்கு, முழுங்கு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது, அதற்குப் பகையும் தெரியாது, தங்கச்சியும் தெரியாது, தாகம்தான் தெரியும். அப்பாவின் தொண்டைமுடிச்சு அவன் கழுத்தில் ஏறியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். பேச்சியும் பார்த்தாள். அவள் கை மட்டும் தாலிக்கயிற்றைத் தேடிப் போய், தொடாமல், அந்தரத்தில் நின்றது. "அண்ணாச்சி, துப்பாதீங்க!" என்று உள்ளேயிருந்து டாக்டர் கத்தினாள். ஏறின முடிச்சை இறங்கவிடாமல் வாலகுரு கைவிரலால் கழுத்தில் நெரித்துப் பிடித்தான். கண் பிதுங்கியது. தன் தொண்டையைத் தானே கொன்றான் என்றுதான் சொல்லவேண்டும். அப்புறம் குனிந்து, நெஞ்சிலிருந்து காற்றையெல்லாம் கூட்டித் துப்பினான். சிவப்பாக, கட்டி கட்டியாக, ஒச்சுவின் வெள்ளை வேட்டியிலும் சாக்குப்பையிலும் படியிலும் கீழே மருந்துக்கடைப் பலகையிலும் சிதறியது. ஒரு பெரிய கிடாயை அந்த இடத்தில் வெட்டின மாதிரி இருந்தது.

"ஜஸ்ட் ஒரு பல்லுடா" என்றான் ஒச்சுவிடம். மரத்த வாயிலிருந்து சொல் கோணலாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

ஒச்சு வேட்டியைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். "அப்ப தீட்டுனதெல்லாம்?" என்றான் பரிதாபமாக. பெயக்காமன் சொம்பில் மிச்சம் இருந்ததை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, குழம்பு மிச்சம் இருக்கா, எல்லாம் கொட்டிருச்சா?" என்று கேட்டான். பேச்சி படியிலேயே உட்கார்ந்து, இலை சுற்றின காலை நீட்டி, அப்போதுதான் வலிப்பதுபோல அழ ஆரம்பித்தாள். டாக்டர் பங்காளிகள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே வந்து வாலகுருவின் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். ரத்தம் நின்றபாடில்லை. "இனித் தையல்தான் போடணும். இனி ஜஸ்ட்டுன்னெல்லாம் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, நல்லா வலிக்கும்" என்றாள். வாலகுரு தலையை ஆட்டினான். இந்த முறை நன்றாகவே ஆட்டினான்.

இதுதான் நடந்தது. இதை நீங்க யாருகிட்டச் சொன்னாலும் சொல்லுங்க, என் பேரை மட்டும் எடுத்துராதீக. அவன் மண்டை விரிசல் வழியா நான் ஒட்டுக்கேட்டது வாலகுருவுக்குத் தெரியாது. தெரிஞ்சாக்கூட அவன் விட்டுருவான். ஒச்சு இருக்கானே, அவன் அந்தச் சாக்குப்பையை அருவாளோட இன்னும் அப்படியே வச்சிருக்கான். யாரு சொன்னதுன்னு கேட்டா, காத்துவாக்குல வந்துச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.